பெங்கால் பூனை: புள்ளி எங்கிருந்து வந்தது, பிரீடரிடம் எதைக் கேட்பது

பெயரில் வங்காளம் இருந்தாலும் பெங்கால் பூனை வங்காளத்தில் உருவான இனம் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உருவாக்கப்பட்டது, அதுவும் அண்மையில்தான். ஒரு பூனைச் சங்கம் இதை ஏட்டில் ஏற்றியது 1980களில். கணக்குப் பார்த்தால் யூனிக்ஸை விட இளைய சமாச்சாரம்.

நான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு வாட்ஸ்அப் விளம்பரம் காரணம். எங்கள் டீமில் இருக்கும் நண்பர் ஒருவர், குட்டி வாங்கும் யோசனையில், அதை எனக்கு அனுப்பியிருந்தார். விற்பவர் ஒருவரே, விலை மட்டும் இரண்டு. சாதாரண பெங்கால் குட்டிக்கு ஒரு விலை. "எஃப்2, 25% சிறுத்தை ரத்தம்" என்று போட்டிருந்த குட்டிக்கு அதைப்போல மூன்று மடங்கு. "இந்த இருபத்தஞ்சு பர்சென்ட் நிஜமா ஜி? அதுக்கு இவ்வளவு கொடுக்கலாமா?" என்பது அவர் கேள்வி.

இதற்குப் பதில் சொல்ல இந்த இனத்தின் வரலாற்றைப் பார்த்தாக வேண்டும். பார்த்ததில் இன்னொன்றும் புரிந்தது. ஒரு நல்ல பிரீடரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதும் அந்த வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

பெயர் கொடுத்த காட்டுப்பூனை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விளம்பரத்தில் வரும் "சிறுத்தை", நாம் பயப்படும் சிறுத்தை இல்லை. அது சிறுத்தைப் பூனை என்ற தனி விலங்கு. வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும். கால்கள் கொஞ்சம் நீளம், கண்கள் பெரியவை, உடம்பெல்லாம் புள்ளி. இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா, சீனா, கொரியா, ரஷ்யாவின் கிழக்குக் கோடி வரை பரவி இருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. இரவில் நடமாடும், எலி பிடிக்கும், மனிதர் கண்ணில் அதிகம் படாது.

1792ல் ராபர்ட் கெர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதற்கு விலங்கியல் முறைப்படி பெயர் வைத்தார். வங்காளத்துப் பூனை என்ற பொருளில் 'பெங்காலென்சிஸ்' என்றார். இன்று அதன் முழுப்பெயர் பிரையோனைலூரஸ் பெங்காலென்சிஸ். பெங்கால் என்ற இனப்பெயர் இந்த லத்தீன் வாலில் இருந்து வந்ததுதான். வங்காளத்தோடு உறவு அவ்வளவே.

இதுவும் வீட்டுப் பூனையும் சேர்ந்து குட்டி போடும் என்பது ரொம்ப நாளாகவே தெரிந்த விஷயம். 1871ல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் பெரிய பூனைக் கண்காட்சியை நடத்திய ஹாரிசன் வெயர் என்ற ஓவியர், 1889ல் பூனைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலையில் இருந்த இப்படியொரு கலப்புப் பூனையை அதில் குறிப்பிடுகிறார். பார்க்க அழகு, ஆனால் படு முரடு என்பது அவர் கணிப்பு. 130 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் தலைமுறைக் கலப்பைப் பற்றி இன்றைக்கும் இதைவிட வேறாகச் சொல்ல முடியாது.

ஜீன் மில்

இந்த இனத்தைத் திட்டமிட்டு உருவாக்கியவர் ஜீன் மில். அப்போது அவர் பெயர் ஜீன் சக்டன். 1960களின் அமெரிக்காவில் சிறுத்தைப் பூனைக் குட்டியை செல்லப்பிராணிக் கடையில் காசு கொடுத்து வாங்க முடிந்தது. ஆசியாவில் தோலுக்காகத் தாயைக் கொன்றுவிட்டு, குட்டியைக் கப்பல் ஏற்றும் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. 1961ல் ஜீன் அப்படி ஒரு பெண் குட்டியை வாங்கி 'மலேசியா' என்று பெயர் வைத்தார். அதற்குத் துணையாக ஒரு கறுப்பு ஆண் வீட்டுப் பூனையை விட்டார். 1963ல் அவை இரண்டும் சேர்ந்து குட்டி பிறந்தது. 'கின்கின்' என்ற அந்தப் பெண் குட்டியும் வளர்ந்து குட்டி போட்டது.

கலப்பில் பிறந்த பெண் மலடு இல்லை என்பது இதில் தெரிந்தது. பின்னாலும் இந்த விவரம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஆனால் 1965ல் ஜீனின் கணவர் இறந்துபோனார். பூனைகளைப் பிரிந்தார், வேலை அப்படியே நின்றது.

மறுபடி ஆரம்பிக்க 15 வருஷம் பிடித்தது. அதற்குள் உலகம் மாறியிருந்தது. 1973ல் அமெரிக்கா அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் கொண்டுவந்தது. 1975ல் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. தன் நோக்கமாக ஜீன் பிற்காலத்தில் சொன்னது, காட்டுப்பூனையின் அழகு ஒரு சாதுவான வீட்டுப் பூனையில் கிடைத்துவிட்டால் காட்டு விலங்கை வீட்டில் வளர்க்கும் ஆசை குறையும், மடியில் உட்காரும் பூனையைப் போலவே இருக்கும் விலங்கின் தோலைப் போட்டுக்கொள்ள யாருக்கும் மனசு வராது என்பது. இந்த நோக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். "ரத்தம் எத்தனை சதவீதம்" என்று விற்பவர் அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறார்.

ஈரத் துணியும் இரத்தப் புற்றுநோயும்

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த மனிதர் டாக்டர் வில்லார்ட் சென்டர்வால். குழந்தை மருத்துவர், மரபியல் படித்தவர். அவர் பெயர் முதலில் அடிபட்டது பூனையால் இல்லை, பிறந்த குழந்தைகளின் ஈரத் துணியால்.

பீனைல்கீட்டோன்யூரியா என்று ஒரு பிறவிக் கோளாறு உண்டு. குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் உணவில் உள்ள ஒரு அமினோ அமிலத்தை உடம்பால் சரியாகச் செரித்துக் கழிக்க முடியாது. அது சேர்ந்து சேர்ந்து மூளையைக் கெடுத்துவிடும். சீக்கிரமே கண்டுபிடித்து உணவை மாற்றினால் குழந்தை தப்பிக்கும். சென்டர்வால் 1957ல் ஒரு எளிய சோதனையைச் சொன்னார். குழந்தை நனைத்த துணியில் ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட வேண்டும், பச்சையாக மாறினால் கோளாறு இருக்கிறது. இந்த நோய் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் வரும். பெற்றோர் இருவரும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். பார்த்தால் தெரியாது, சோதித்தால்தான் தெரியும்.

அதே சென்டர்வால் 1970களில் கலிஃபோர்னியாவில் சிறுத்தைப் பூனைகளை வீட்டுப் பூனைகளோடு சேர்த்துக் குட்டி எடுத்தார். நோக்கம் அழகு இல்லை, வைரஸ். பூனைகளுக்கு இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸை 1964ல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழு கண்டுபிடித்திருந்தது. வீட்டுப் பூனையின் மரபணுத் தொகுதியிலேயே அந்த வைரஸைப் போன்ற துண்டுகள் பொதிந்திருக்கின்றன, சிறுத்தைப் பூனையில் அவை இல்லை. இரண்டையும் கலந்தால் நோய் எதிர்ப்பைப் பற்றி ஏதாவது தெரியுமா என்பது கேள்வி. ஆராய்ச்சிக்கு இரத்த மாதிரி போதும். மாதிரி எடுத்தபிறகு குட்டிகளுக்கு வீடு வேண்டும். 1980ல் அவற்றில் சில, மறுமணம் செய்து ஜீன் மில் ஆகியிருந்த நம் கதாநாயகியிடம் வந்து சேர்ந்தன. இன்றைய பெங்கால் பூனையின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

குழந்தைகளிடம் மறைந்திருக்கும் மரபுக் கோளாறைத் தேடிய டாக்டரின் கையிலிருந்து வந்த பூனை இனம் இது. அதை வாங்கும்போது இன்றைக்கும் பார்க்க வேண்டிய முதல் விஷயம், மறைந்திருக்கும் மரபுக் கோளாறுதான். கீழே அதற்கு வருகிறேன்.

ஆண் இல்லாத பிரச்சினையும் டெல்லிப் பூனையும்

ஜீனிடம் வந்தவை பெண் பூனைகள். இதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு இனங்கள் கலக்கும்போது பிறப்பதில் ஏதாவது ஒரு பால் மலடாகவோ இல்லாமலோ போனால், அது வெவ்வேறு பால் குரோமோசோம்கள் கொண்ட பாலாகத்தான் இருக்கும் என்று 1922ல் ஜே.பி.எஸ். ஹால்டேன் எழுதினார். பாலூட்டிகளில் அது ஆண். (இதே ஹால்டேன்தான் 1957ல் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964ல் புவனேஸ்வரில் இறந்தார்.) பெங்கால் விஷயத்தில் முதல் மூன்று தலைமுறை ஆண்கள் பொதுவாக மலடு. நான்காவது தலைமுறை வாக்கில்தான் குட்டி கொடுக்கும் ஆண்கள் நம்பகமாகக் கிடைக்கின்றன.

ஆக, ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஒரு வீட்டுப் பூனை ஆண் வேண்டும். எந்த ஆண்? நீள முடிப் பூனையைச் சேர்த்தால் புள்ளி மங்கிவிடும். கோடு போட்ட சாதாரணப் பூனையைச் சேர்த்தால் கோடுதான் வரும். புள்ளி உள்ள எகிப்திய மாவ் இனம் அமெரிக்காவில் அப்போது குறைந்த எண்ணிக்கையில் இருந்து, உறவுக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து நலிந்திருந்தது.

1982ல் ஜீன் இந்தியா வந்தார். டெல்லி விலங்குக் காட்சிசாலையில் காண்டாமிருகக் கொட்டடியில் ஒரு தெருப்பூனை திரிந்துகொண்டிருந்தது. தங்க நிறம், மேலே அடர்ந்த பழுப்புப் புள்ளிகள். யாருடைய பூனையும் இல்லை, வம்சாவளிச் சீட்டு ஏதும் கிடையாது. அது கலிஃபோர்னியா போய் 'மில்வுட் டோரி ஆஃப் டெல்லி' ஆனது. பெங்கால் இனத்தின் பழைய வம்சாவளிப் பட்டியல்களில் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வரும். வெயிலில் பெங்கால் பூனையின் முடி தங்கத்தூள் தூவியதுபோல மினுங்குமே, அதைக் கிளிட்டர் என்பார்கள். அந்த மினுமினுப்பு டோரியிடமிருந்து வந்தது என்பதே வளர்ப்போர் சொல்லும் வரலாறு.

1983ல் டிக்கா என்ற சர்வதேசப் பூனைச் சங்கம் இந்த இனத்தைப் பதிவேட்டில் ஏற்றது. 1991ல் கண்காட்சிப் போட்டிகளில் முழுத் தகுதி கொடுத்தது. இங்கிலாந்தின் சங்கம் 1997ல் ஏற்றது. அமெரிக்காவின் பழைய சங்கமான சி.எஃப்.ஏ, காட்டு ரத்தம் கலந்த இனம் என்று ரொம்ப நாள் ஒதுக்கிவைத்துவிட்டு 2016ல்தான் ஏற்றுக்கொண்டது. ஜீன் மில் 2018ல் காலமானார்.

சதவீதக் கணக்கு

இப்போது அந்த விளம்பரத்துக்கு வருவோம். எஃப்1 என்றால் பெற்றோரில் ஒன்று சிறுத்தைப் பூனை. எஃப்2 என்றால் தாத்தா பாட்டியில் ஒன்று. எஃப்3 என்றால் அதற்கும் மேலே ஒரு படி. 50, 25, 12.5, 6.25 என்று தலைமுறைக்குப் பாதியாகக் குறையும். எஃப்1ல் 50 என்பது மட்டும்தான் கறாரான எண். அதற்குக் கீழே எல்லாம் சராசரி. ஒவ்வொரு முறையும் சீட்டுக்கட்டு கலைவதுபோல மரபணுக்கள் கலைந்துதான் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. அதனால் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு எஃப்2 குட்டிகளுக்கும் காட்டு ரத்தம் ஒரே அளவாக இருக்காது.

நான்கு தலைமுறை தாண்டி, முந்தைய மூன்று தலைமுறையிலும் பெங்காலோடு பெங்கால் மட்டுமே சேர்ந்திருந்தால் அந்தப் பூனைக்கு எஸ்.பி.டி என்று முத்திரை. டிக்கா கண்காட்சிப் போட்டியில் கலந்துகொள்ள இது வேண்டும். வீட்டில் செல்லமாக வளர்க்க வாங்குவதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எஸ்.பி.டி பூனையில் சிறுத்தைப் பூனை எவ்வளவு மிச்சம் இருக்கும்? 2024ல் கேலின், பார்ஷ் இருவரும் மற்ற ஆய்வாளர்களும் சேர்ந்து 'கரன்ட் பயாலஜி' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 947 பெங்கால் பூனைகளின் மரபணுத் தொகுதியை வாசித்துப் பார்த்த வேலை அது. சிறுத்தைப் பூனையின் பங்கு சராசரியாகச் சுமார் 3.5 சதவீதம்.

அதைவிடச் சுவாரஸ்யம் அடுத்த முடிவு. புள்ளியும் ரோஸெட்டும் காட்டுப்பூனையிடமிருந்து வந்த மரபணுவின் வேலை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். தேடிப் பார்த்தால், தேர்ந்தெடுத்து வளர்த்ததால் இந்த இனம் முழுக்கப் பரவிய தோற்ற மரபணுக்கள் பெரும்பாலும் வீட்டுப் பூனையினுடையவை. வீட்டுப் பூனைகளிடம் அரிதாகச் சிதறிக் கிடந்தவை, பிரீடர்கள் திரும்பத் திரும்பப் பொறுக்கிச் சேர்த்ததால் ஒரே இனத்தில் குவிந்துவிட்டன. கிளிட்டரும் அப்படித்தான், அந்த மரபணு மாற்றம் வீட்டுப் பூனைக்குச் சொந்தமானது. டெல்லிக் கதைக்கு இது பொருந்திவருகிறது. விதிவிலக்கும் உண்டு. முகத்திலும் முதுகிலும் கரி பூசியதுபோல இருக்கும் 'சார்கோல்' நிறத்தில் சிறுத்தைப் பூனையின் ஒரு நிற மரபணு வேலை செய்கிறது. கலிஃபோர்னியாவின் யு.சி. டேவிஸ் ஆய்வாளர்கள் 2014லேயே இதைச் சொல்லியிருந்தார்கள்.

ஆக, 25 சதவீதத்துக்கு மூன்று மடங்கு விலை கொடுப்பவர் அழகுக்காகக் கொடுக்கவில்லை. அழகு எஸ்.பி.டி குட்டியிலேயே இருக்கிறது. அதிகமாகக் கிடைப்பது குணம் மட்டும்தான். அதுவும் என்ன குணம்? ஆளைக் கண்டால் ஒளிவது, கண்ட இடத்தில் சிறுநீர் பீய்ச்சி எல்லை குறிப்பது, தண்ணீரைப் பார்த்தால் அதில் மலம் கழிப்பது (சிறுத்தைப் பூனையின் பழக்கம்). முதல் தலைமுறைகளைப் பழகியவர்கள்தான் கையாள முடியும். இங்கிலாந்தில் எஃப்1 வைத்திருக்க ஆபத்தான காட்டு விலங்குக்கான உரிமமே வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பக்கம்

வரலாறு தரும் அடுத்த பாடம் கொஞ்சம் கடினமானது. குறைந்த எண்ணிக்கையில் மூதாதைகள், மலட்டு ஆண்கள், அதனால் கிடைத்த சில நல்ல ஆண்களை நிறைய பேர் பயன்படுத்துவது. இப்படி வளர்ந்த எந்த இனத்திலும் ஒரு பூனை சுமந்த பழுதான மரபணு நூற்றுக்கணக்கான பேரக்குட்டிகளுக்குப் போய்விடும். பழைய கோடில் ஒரு பக் இருந்து, அதை ஐம்பது ப்ராஜெக்ட்டில் காப்பி அடித்ததுபோல.

பெங்கால் பூனையில் மூன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது பி.ஆர்.ஏ-பி. விழித்திரை செல்கள் குட்டிப் பருவத்தில், சில வார வயதிலேயே கெடத் தொடங்கும். பார்வை மெல்ல மெல்லப் போய், வளர்ந்த பூனையாகும்போது குருடு. பூனை மீசையாலும் காதாலும் ஞாபகத்தாலும் வீட்டுக்குள் சமாளித்துவிடும் என்பதால் வீட்டுக்காரருக்கு லேசில் தெரியாது. சோபாவை இடம் மாற்றிப் போட்ட அன்றைக்கு முட்டிக்கொள்ளும்போதுதான் தெரியும். சிகிச்சை கிடையாது.

இரண்டாவது பைருவேட் கைனேஸ் குறைபாடு. சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைந்து இரத்தசோகை வரும். வந்து வந்து போகும் என்பதால் சோர்வு, பசியின்மை என்று தள்ளிப்போட்டுவிடுவார்கள்.

இந்த இரண்டும் சென்டர்வால் தேடிய நோயின் அதே கணக்கு. பெற்றோர் இருவரும் ஒரு பழுதான பிரதி வைத்திருந்து, தாங்கள் நலமாக இருந்தால், அவர்களுக்குப் 'சுமப்பவர்' என்று பெயர். இரண்டு சுமப்பவர்கள் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. விலை பேச வேண்டிய உண்மையான 25 சதவீதம் இதுதான்! ஆனால் ஈரத் துணிச் சோதனையைப் போலவே இதற்கும் எளிய வழி இருக்கிறது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும், டி.என்.ஏ முடிவு வந்துவிடும். யு.சி. டேவிஸின் கால்நடை மரபியல் ஆய்வகம் போன்ற இடங்கள் இதைச் செய்கின்றன.

இங்கே ஒரு நுணுக்கம். பெற்றோரில் ஒன்று 'சுமப்பவர்' என்று பிரீடர் சொன்னால் ஓட வேண்டியதில்லை. மற்றது பழுதில்லாதது என்று முடிவு இருந்தால் எந்தக் குட்டிக்கும் அந்த நோய் வராது. சுமக்கும் பூனைகளை எல்லாம் ஒதுக்கினால் ஏற்கெனவே சிறிய இனம் இன்னும் குறுகி, வேறு கோளாறு தலைதூக்கும். உள்ளதைச் சொல்லிக் காகிதத்தைக் காட்டுபவர் நல்லவர். "எங்க லைன்ல அந்தப் பிரச்சினையே கிடையாது சார்" என்று காகிதம் இல்லாமல் சொல்பவரிடம்தான் ஜாக்கிரதை.

மூன்றாவது எச்.சி.எம் என்ற இதயத் தசைத் தடிப்பு. மெய்ன் கூன், ராக்டால் இனங்களில் இதற்கான மரபணு மாற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்டுச் சோதனையும் வந்துவிட்டது. அந்தச் சோதனை பெங்காலுக்கு உதவாது. இங்கே ஒரே வழி, குட்டி எடுக்கும் பூனைகளுக்கு இதய எக்கோ ஸ்கேன். ஒரு தடவை எடுத்தால் போதாது, நோய் நடுவயதிலும் வரும் என்பதால் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குச் செலவு ஆகும். நியாயமான பிரீடரின் குட்டி விலை கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு நல்ல காரணம். "எச்.சி.எம் டி.என்.ஏ டெஸ்ட் எடுத்துட்டோம்" என்று யாராவது பெங்காலுக்குச் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

குட்டியைப் பார்க்கப் போகும்போது

குட்டிக்கு மனிதர் பழகும் பருவம் 2 முதல் 7 வாரம். 1980களில் அமெரிக்காவில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. அந்த வயதில் தினமும் மனிதக் கை பட்ட குட்டி வளர்ந்தபின் ஒட்டிக்கொள்கிறது. அதாவது, குட்டி உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அதன் குணத்தில் பாதி பிரீடர் வீட்டில் முடிவாகிவிடுகிறது. ஆகவே போட்டோ பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். நேரில் போங்கள். குட்டிகள் வீட்டுக்குள் ஆட்களோடு இருக்கின்றனவா, கூண்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அம்மாப் பூனையைக் காட்டச் சொல்லுங்கள். அம்மா ஆளைப் பார்த்ததும் சீறி மூலைக்குப் போனால் அதுவும் ஒரு பதில்.

வயது 12 வாரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நம் ஊரில் ஆறு வாரத்திலேயே தள்ளிவிடுகிறார்கள். அதுவரைதான் பால் செலவு, அதற்குப் பிறகு தடுப்பூசி, தீவனச் செலவு என்பது கணக்கு. கடிப்பதில் எவ்வளவு கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது அம்மாவிடமும் கூடப்பிறந்ததுகளிடமும், அந்த ஆறு வாரத்தில்தான்.

புள்ளியைப் பற்றி ஒரு குறிப்பு. பெங்கால் குட்டிகளுக்கு ஒரு மாத வாக்கில் மேலே நரைத்தாற்போல் ஒரு மென்முடி வளர்ந்து புள்ளியை மறைத்துவிடும். அது முழுக்கப் போக மூன்று நான்கு மாதம் ஆகும். காட்டில் குட்டியை மறைக்கும் உத்தியின் மிச்சம் என்று விளக்குகிறார்கள். அந்த நேரத்தில் பார்க்கும் குட்டி மங்கலாக இருந்தால் தரம் குறைவு என்று அர்த்தம் இல்லை. அந்த வயதிலும் பளிச்சென்ற போட்டோ அனுப்பினால், அது அந்தக் குட்டியின் போட்டோதானா என்று கேளுங்கள்.

கேட்க வேண்டியவை மொத்தமாக:

1. அப்பா, அம்மா இருவருடைய பி.ஆர்.ஏ-பி, பைருவேட் கைனேஸ் முடிவுகள். ஆய்வகத்தின் பெயரும் பூனையின் பதிவு எண்ணும் காகிதத்தில் இருக்க வேண்டும்.
2. இருவருடைய இதய ஸ்கேன், எடுத்த தேதியோடு.
3. இரத்தப் புற்றுநோய் வைரஸ், எஃப்.ஐ.வி சோதனை முடிவுகள்.
4. சங்கப் பதிவு. எஸ்.பி.டி என்று வாயால் சொன்னால் போதாது, வம்சாவளிச் சீட்டில் இருக்க வேண்டும்.
5. தடுப்பூசி அட்டை, குடற்புழு மருந்து கொடுத்த விவரம். குட்டிக்கு வயிற்றுப்போக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறைய பூனைகள் சேர்ந்து இருக்கும் இடங்களில் ட்ரைட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்று சகஜம், லேசில் போகாது.
6. வளர்க்க முடியாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வாரா? எழுத்தில் தருவாரா?

அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா என்பதும் முக்கியம். பகலெல்லாம் வீட்டில் யாராவது இருப்பார்களா, பால்கனிக்கு வலை உண்டா, வேறு பூனை இருக்கிறதா என்றெல்லாம் குடைந்தால் கோபப்படாதீர்கள். பெங்கால் சும்மா உட்காராது. அலமாரி உச்சி, ஃபிரிட்ஜ் மேல், குழாயடி என்று எங்கும் இருக்கும். ஒன்பது மணி நேரம் பூட்டிய ஃபிளாட்டில் தனியாக விட்டால் வீட்டையும் கெடுத்துக்கொண்டு தானும் கெடும். அது தெரிந்தவர்தான் கேட்பார்.

நம் நாட்டுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை

சிறுத்தைப் பூனை 1972ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே அட்டவணை. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம்.

இப்போது அந்த "எஃப்2" விளம்பரத்தைத் திரும்பவும் படியுங்கள். எஃப்2 பிறக்க எஃப்1 தாய் வேண்டும். எஃப்1 பிறக்க ஒரு சிறுத்தைப் பூனை வேண்டும். ஆக மூன்றே வழிதான். எஃப்1 தாய் வெளிநாட்டிலிருந்து முறையாக வந்திருக்க வேண்டும், அப்படியானால் காகிதம் இருக்கும். இல்லையென்றால் எங்கோ ஒரு காட்டு விலங்கு சட்டவிரோதமாக அடைபட்டிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் விளம்பரம் பொய், சாதாரண பெங்காலுக்கோ புள்ளி வைத்த நாட்டுப் பூனைக்கோ மூன்று மடங்கு விலை. நண்பர் காகிதம் கேட்டார். பதில் வரவில்லை. வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று. கரும்புக் காட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் புள்ளியுள்ள குட்டிகள் தனியாகக் கிடந்தால் எடுத்து வந்துவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். தொடாமல் விலகி நின்று வனத்துறைக்குச் சொல்வதுதான் சரி.

காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா என்பது தனிக் கேள்வி, அவரவர் முடிவு. புள்ளி பிடித்திருக்கிறது, மினுமினுப்பு பிடித்திருக்கிறது என்றால் மட்டும் ஒன்றை யோசிக்கலாம். டோரி வந்தது டெல்லியின் தெருவிலிருந்து. அதன் சொந்தக்காரர்கள் நம் ஊர்த் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நாட்டுப் பூனைக் குட்டியை எடுத்து வளர்த்தால் கேட்க வேண்டிய காகிதங்களும் குறைவு. பெங்கால்தான் வேண்டும் என்றால், மேலே உள்ள ஆறில் முதல் இரண்டுக்கும் பதில் கையில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். குட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் கேட்க மனசு வராது. அதனால் முதலில் காகிதத்தைக் கேளுங்கள், பிறகு குட்டியைப் பாருங்கள்.